பள்ளிக்கூடத்துக்கு நூறு வயசு ஆகிவிட்டதா, இல்லையா? சித்தூர் தாலூகாக்காரர்கள் கொஞ்சம் உதவுங்கள்

வேலந்தாவளத்தான்:

எல்லாருக்கும் வணக்கம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது ஆந்திரா சித்தூர் இல்லை, பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர். போன தடவை ஒருத்தர் என் கேள்விக்குத் திருப்பதி பஸ் நேரமெல்லாம் போட்டு உதவி செய்தார்.

எங்கள் ஊர்ப்பக்கம் ஒரு பழைய அரசுப் பள்ளிக்கூடம். தமிழ் மீடியமும் மலையாள மீடியமும் ஒரே காம்பவுண்டுக்குள். நூற்றாண்டு விழா எடுக்கலாம் என்று பி.டி.ஏ.வும் பழைய மாணவர் கூட்டமும் சேர்ந்து முடிவு பண்ணிவிட்டன. எனக்குத் தமிழ் டைப்பிங் தெரியும் என்கிற ஒரே காரணத்துக்காக மலர் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

சிக்கல் என்னவென்றால், பள்ளிக்கூடம் எந்த வருஷம் தொடங்கியது என்பதிலேயே அடிதடி. கேட்டில் பெயின்டில் ஒரு வருஷம் எழுதியிருக்கிறது. ஆபீஸில் கிடைத்த மிகப் பழைய அட்மிஷன் ரிஜிஸ்டரோ அதற்கு ரொம்பப் பின்னால்தான் ஒன்றாம் நம்பரில் ஆரம்பிக்கிறது. பழைய கட்டிடத்து வராந்தாவில் ஒரு கல் பதித்திருக்கிறது. மலையாளத்தில் இரண்டு வரி, அடியில் 109 என்பது வரைக்கும் படிக்க முடிகிறது. கடைசி எண் சுண்ணாம்புக்குள் போய்விட்டது. கொல்லம் வருஷம், அதாவது மலையாள வருஷக் கணக்கு என்கிறார்கள். அதை எப்படிக் கணக்குப் போடுவது?

எங்க அப்புச்சி அங்கே படித்தவர். "அது கொச்சி ராஜா பள்ளிக்கூடம்டா" என்று பெருமையாகச் சொல்வார். ஆனால் கமிட்டியில் ஒருத்தர் மதராஸ் சர்க்கார் பள்ளிக்கூடம் என்று சாதிக்கிறார்.

இன்னொன்று. "பள்ளியின் மரபுகள்" என்று ஒரு கட்டுரை வேண்டும் என்கிறார்கள். என்ன எழுதுவது? ஹெட்மாஸ்டர் பெயர்ப் பட்டியலையும் எஸ்.எஸ்.எல்.சி. ரிசல்ட்டையும் போட்டு முடித்துவிடலாம் என்பது கமிட்டியில் பாதிப்பேர் கருத்து. எனக்கு மனசு ஒப்பவில்லை. பள்ளிக்கூடத்தின் பெயரை வேண்டுமென்றேதான் எழுதவில்லை. வாட்ஸ்அப் குரூப்பில் ஏற்கெனவே போதுமான சண்டை.

கல்பாத்தி கிச்சா:

நூறு வயசுக்கே இவ்வளவு சண்டையா! எங்கள் டவுன் பக்கம் வாருங்கள். பாசல் மிஷன்காரர்கள் 1858-இல் பாலக்காட்டில் கால் வைத்தார்கள். அவர்கள் வழி வந்ததுதான் பி.இ.எம்., அதாவது பாசல் இவாஞ்சலிகல் மிஷன் ஹைஸ்கூல். ஜெர்மன்காரர்களும் சுவிஸ்காரர்களும் போய் எத்தனையோ காலம் ஆகிறது, பெயரில் மட்டும் பாசல் இன்னும் உட்கார்ந்திருக்கிறது. தேர்தல் கமிஷனர் டி.என். சேஷனும் மெட்ரோ ஸ்ரீதரனும் அங்கே ஒரே வகுப்பு. இன்டர்மீடியட் படிக்கவும் இரண்டு பேரும் ஒன்றாகவே விக்டோரியா காலேஜுக்குப் போனார்கள்.

அந்த விக்டோரியாவும் பிறக்கும்போது காலேஜ் இல்லை. 1866-இல் 'ரேட் ஸ்கூல்' என்ற பெயரில் ஆரம்பித்த பள்ளிக்கூடம். ரேட் என்றால் வரி. ஊர்க்காரர்களிடம் வரி வசூலித்துப் பள்ளிக்கூடம் நடத்துவது அந்தக் காலத்து மதராஸ் ராஜதானி ஏற்பாடு. 1888-இல்தான் அது காலேஜ் ஆனது.

உங்கள் கேள்விக்கு என்னால் நேராகப் பதில் சொல்ல முடியாது. சித்தூர் கொச்சி சமஸ்தானம், எங்களுடையது பிரிட்டிஷ் மலபார். சித்தூர் ஆசாமிகளின் பேப்பர் எதுவும் எங்கள் பக்கம் கிடைக்காது என்று என் தாத்தா சொல்லக் கேட்டிருக்கிறேன். விவரம் தெரிந்தவர்கள் வந்து சொல்லட்டும்.

ரிட்டயர்டு தமிழ் மாஷ்:

தம்பி, வணக்கம். நான் அந்தக் கிழக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களிலேயே ஹெச்.எஸ்.ஏ. தமிழாக, அதாவது ஹைஸ்கூல் தமிழ் வாத்தியாராக இருந்து ரிட்டயர் ஆனவன். கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி வெயில் எல்லாம் என் மண்டையில் இறங்கினதுதான். கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கல். கொல்லம் வருஷமேதான். சிங்க மாசம் ஒன்றாம் தேதி, அதாவது நம் ஆவணி பிறப்பில், ஆகஸ்ட் நடுவில் வருஷம் மாறும். ஆவணியிலிருந்து டிசம்பர் முடிய உள்ள தேதி என்றால் 824 கூட்டுங்கள். ஜனவரிக்கு மேல் அடுத்த ஆவணி வரைக்கும் என்றால் 825. அப்படிப் பார்த்தால் 1090 தொடங்கினது 1914 ஆகஸ்டில், 1099 முடிந்தது 1924 ஆகஸ்டில். உங்கள் கல் இந்தப் பத்து வருஷத்துக்குள் எங்கேயோ நிற்கிறது. கேட்டில் எழுதின வருஷத்துக்கும் கல்லுக்கும் ஒரு வருஷம் இடித்தால் அதற்காகச் சண்டை போடாதீர்கள். ஒரு கொல்லம் வருஷம் இரண்டு இங்கிலீஷ் வருஷத்தில் காலை வைத்துக்கொண்டு நிற்கும்.

சுண்ணாம்பைச் சுரண்டச் சொல்லி யாரையும் ஏற்றிவிடாதீர்கள். கல்லோடு எண்ணும் போய்விடும். ராத்திரி டார்ச்சைக் கல்லுக்குப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் வெட்டின எழுத்தில் நிழல் விழும். அதை மொபைலில் நாலைந்து கோணத்தில் எடுங்கள். ஈரத்துணியால் மெல்ல ஒற்றியும் பார்க்கலாம்.

ஆனால் கல் எதைச் சொல்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். மலையாள வரிகளை யாராவது ஒழுங்காகப் படித்தார்களா? கட்டிடம் கட்டின வருஷம் வேறு, பள்ளிக்கூடம் தொடங்கின வருஷம் வேறு. திண்ணையிலோ, சத்திரத்திலோ, ஏதாவது கவுண்டர் வீட்டுக் களத்திலோ பல வருஷம் நடந்துவிட்டு அப்புறம் சொந்தக் கட்டிடத்துக்கு வந்த பள்ளிக்கூடங்கள்தான் நம் பக்கம் அதிகம்.

ரிஜிஸ்டர் சங்கதியும் அதேதான். கேரளத்தில் ஒரு பள்ளிக்கூடம் ஒரே நாளில் பிறப்பதில்லை. ஒன்று முதல் நாலு வரை எல்.பி., அஞ்சு முதல் ஏழு வரை யு.பி., எட்டு முதல் பத்து வரை ஹைஸ்கூல், அப்புறம் தொண்ணூறுகளில் ப்ரீடிகிரியைக் காலேஜிலிருந்து பிடுங்கிப் பள்ளிக்கூடங்களுக்குத் தர ஆரம்பித்த ப்ளஸ் டூ. ஒவ்வொரு தடவை தரம் உயரும்போதும் சில ஹெட்மாஸ்டர்கள் புது ரிஜிஸ்டர் போட்டு ஒன்றிலிருந்து நம்பர் தொடங்கிவிடுவார்கள். பழையது பரணுக்குப் போகும். அங்கிருந்து கரையானுக்கு. ஆகவே உங்கள் ரிஜிஸ்டரில் ஒன்றாம் நம்பர் பையன் பள்ளிக்கூடத்தின் முதல் பையனாக இருக்க வேண்டும் என்று இல்லை. முதல் பக்கத்தில் 'முன்பு படித்த பள்ளி' என்கிற கட்டத்தைப் பாருங்கள். அதில் இதே பள்ளிக்கூடத்தின் பெயர் இருந்தால் அது தரம் உயர்ந்த வருஷம், தொடங்கின வருஷம் இல்லை.

எந்த அரசாங்கம் என்பதற்கு உங்கள் அப்புச்சி சொன்னதுதான் சரி. 1949 ஜூலை ஒன்றாம் தேதி திருவிதாங்கூரும் கொச்சியும் சேரும் வரைக்கும் சித்தூர் கொச்சி ராஜாவுடையது. கேரளம் பிறந்த பிறகுகூடச் சித்தூர் தாலூகா திருச்சூர் மாவட்டத்தில்தான் இருந்தது. 1957 ஜனவரியில் பாலக்காடு மாவட்டம் வந்த பிறகுதான் இந்தப் பக்கம் சேர்ந்தது. பக்கத்திலேயே இருக்கிற கொல்லங்கோடு பிரிட்டிஷ் மலபார், மதராஸ் மாகாணம். ஒரு கிழவரிடம் பேச்சுக்கொடுத்தால் அவர் வாயில் வரும் வார்த்தையிலேயே தெரிந்துவிடும். 'போர்டு ஸ்கூல்' என்றால் மலபார் டிஸ்ட்ரிக்ட் போர்டு நடத்தினது. 'சர்க்கார் ஸ்கூல்' என்று இழுத்தால் பெரும்பாலும் கொச்சி. கமிட்டியில் மதராஸ் என்று சாதிக்கிறவர் அநேகமாகக் கொல்லங்கோட்டுப் பக்கம் பெண் எடுத்தவராக இருப்பார்.

இது வெறும் பெருமைக் கதை இல்லை, தேடுகிற இடமே மாறும். கொச்சி சர்க்கார் காகிதங்கள் எர்ணாகுளத்தில் இருக்கிற மண்டல ஆவணக் காப்பகத்தில். மலபார் காகிதங்கள் கோழிக்கோட்டுக் காப்பகத்திலும் சென்னை எழும்பூர்க் காப்பகத்திலும். நீங்கள் போக வேண்டியது எர்ணாகுளம். கொச்சி சர்க்கார் வருஷா வருஷம் நிர்வாக அறிக்கை அச்சடித்தது, கெஜட்டும் போட்டது. கல்வி என்கிற பகுதியில் புதிதாகத் திறந்த, தரம் உயர்த்தின பள்ளிக்கூடங்களைப் பற்றிய குறிப்பு தேடிப்பாருங்கள். கல்லில் கிடைக்கும் வருஷத்துக்கு முன்னும் பின்னும் இரண்டு மூன்று வருஷ அறிக்கையைக் கேளுங்கள். ஹெட்மாஸ்டர் லெட்டர்பேடில் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு போனால் வேலை சுலபமாகும்.

கொச்சி என்றதும் நினைவுக்கு வருகிறது. 1935 முதல் 1941 வரை அங்கே திவானாக இருந்தவர் நம் கோயம்புத்தூர் சண்முகம் செட்டியார், பிற்பாடு சுதந்திர இந்தியாவின் முதல் நிதி மந்திரி. தமிழ்க்காரர் திவானாக இருந்தாரே என்று நம் பக்கத்துப் பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் அவர் திறந்துவைத்ததாக மேடையில் அடித்துவிடுகிறவர்கள் உண்டு. ஆதாரம் கையில் இல்லாமல் மலரில் ஏற்றாதீர்கள்.

இனி மரபு. இங்கேதான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. தம்பி, அந்த அட்மிஷன் ரிஜிஸ்டரே உங்கள் மலர். ஹெட்மாஸ்டர் பட்டியலை யாரும் படிக்க மாட்டார்கள், அந்த ஹெட்மாஸ்டர்களின் பேரன்களைத் தவிர.

ரிஜிஸ்டரைத் திறந்து பிறந்த தேதிக் கட்டத்தை மேலிருந்து கீழே பாருங்கள். மே, மே, மே, மே. ஊரில் பாதிப் பிள்ளைகள் மே மாசத்தில் பிறந்திருப்பார்கள். ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும், சேர்க்க அப்போது அஞ்சு வயசு முடிந்திருக்க வேண்டும். பெற்றவர்களுக்கோ "அய்யன் நோம்பிக்கு முந்தின அமாவாசை, பெருமழை பேஞ்ச வருஷம்" என்றுதான் தெரியும். வாத்தியார் ஒரு மே தேதியைப் போட்டு உட்கார வைத்துவிடுவார். அதன் பலனைக் கேரள அரசாங்கம் இன்றைக்கும் அனுபவிக்கிறது. வருஷா வருஷம் மே 31 வந்தால் ஆயிரக்கணக்கான அரசு ஊழியர்கள் ஒரே நாளில் ரிட்டயர் ஆகிறார்கள். நானும் அதில் ஒருத்தன். எங்க ஆத்தா கணக்குப்படி நான் பிறந்தது மார்கழியில்.

அடுத்தது ரட்சகர் (பெற்றவர் அல்லது பொறுப்பாளர்) தொழில் கட்டம். 'கிருஷி', அதாவது விவசாயம் என்று ஒரே மலையாள வார்த்தை பக்கம் பக்கமாகப் போகும். நூறு ஏக்கர் வைத்திருந்தவருக்கும் கிருஷி, அவர் தோட்டத்தில் கூலிக்குப் போனவருக்கும் கிருஷி. நடுநடுவே 'கூலி' என்று எழுதியிருந்தால் அந்த வாத்தியார் கொஞ்சம் நேர்மையானவர் என்று வைத்துக்கொள்ளலாம். கையெழுத்துக் கட்டத்தில் பெருவிரல் ரேகை எப்போது குறைந்து எழுத்து கூடுகிறது, தமிழ்க் கையெழுத்து எது, மலையாளக் கையெழுத்து எது, அம்மா கையெழுத்து முதன்முதலில் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று பாருங்கள். பெண்பிள்ளைகள் பெயர் எந்த வருஷத்திலிருந்து தொடர்ச்சியாக வருகிறது? எந்தச் சாதிப் பிள்ளைகள் எந்த வருஷம் வரைக்கும் ரிஜிஸ்டரில் இல்லவே இல்லை? இந்தக் கடைசிக் கேள்வியை எந்த நூற்றாண்டு மலரும் கேட்டு நான் பார்த்ததில்லை. பாலக்காட்டில் கல்பாத்தித் தெருவில் எல்லாரும் நடக்கலாமா கூடாதா என்று 1924-இல் கலவரமே வந்தது. டி.ஆர். கிருஷ்ணசுவாமி ஐயர் அகத்தேத்தறையில் சபரி ஆசிரமம் தொடங்கி எல்லாச் சாதிப் பிள்ளைகளையும் ஒன்றாக உட்கார வைத்துச் சோறு போட்டுப் படிக்க வைத்ததும் அந்தக் காலத்தில்தான். உங்கள் கல்லும் அதே காலத்துக் கல். அப்போது உங்கள் பள்ளிக்கூடத்துப் பெஞ்சில் யார் உட்கார்ந்தார்கள், யார் உட்காரவில்லை என்று எழுதினால் அது சரித்திரம்.

பள்ளிக்கூடத்தை விட்டுப்போன காரணம் என்று ஒரு கட்டம் இருக்கும். தொடர்ந்து வராததால் பெயர் நீக்கப்பட்டது என்று மலையாளத்தில் ஒரே மாதிரி எழுதியிருப்பார்கள். தேதியைப் பாருங்கள். கடலைக்காய் பிடுங்குகிற மாசத்தில் அதிகமா, கரும்பு வெட்டுகிற மாசத்திலா? ஊரின் விவசாயமே அதில் இருக்கிறது.

சாப்பாடு. அறுபதுகளில் கேர் என்கிற அமெரிக்க உதவி அமைப்பின் திட்டத்தில் வந்த உப்புமா. அமெரிக்காவிலிருந்து வந்த ரவையும் எண்ணெயும். அந்த வாசனை வந்தால் கடைசிப் பீரியடில் ஒரு பயல் பாடத்தைக் கவனிக்க மாட்டான். எல்லைக்கு அந்தப் பக்கம் பொள்ளாச்சிப் பிள்ளைகளுக்குக் காமராசர் சோறு, நமக்கு அமெரிக்க உப்புமா. எது ருசி என்று கோபாலபுரத்துச் சந்தையில் பையன்கள் வாதம் பண்ணுவார்கள். அப்புறம் எண்பதுகளில் கஞ்சியும் பச்சைப்பயறும் வந்தது. உப்புமா சமைத்த அம்மாக்களில் யாராவது உயிரோடு இருந்தால் முதலில் அவர்களிடம் போங்கள். எம்.எல்.ஏ. வாழ்த்துச் செய்தி தானாக வரும்.

காலை அசெம்பிளியில் என்ன பாடினார்கள் என்று ஒவ்வொரு தலைமுறையிடமும் கேளுங்கள். தமிழ்த்தாய் வாழ்த்தைத் தமிழ்நாடு 1970-இல் அரசு விழாக்களுக்கு ஏற்றுக்கொண்டது. நம்முடையது கேரள அரசுப் பள்ளிக்கூடம், அந்த உத்தரவு நமக்கு வராது. ஆனாலும் தமிழ் டிவிஷன் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்த வாத்தியார்கள் இருந்தார்கள். "இது தமிழ்நாட்டுப் பாட்டு, இங்கே எதற்கு" என்று ஒரு சக வாத்தியார் என்னிடம் கேட்டபோது, எழுதின சுந்தரம் பிள்ளை ஆலப்புழையில் பிறந்து திருவனந்தபுரம் காலேஜில் பாடம் நடத்தினவர் என்று சொன்னேன். ஸ்டாஃப் ரூமில் அப்புறம் அந்தப் பேச்சு எழவில்லை.

கண் எரிகிறது. மிச்சம் அப்புறம்.

கோபாலபுரம் செக்போஸ்ட்:

மாஷே, உங்கள் பதிலைப் படித்துவிட்டு எங்கள் அம்மாவிடம் கேட்டேன். அவரும் மே மாசம்தான்!

வேலந்தாவளத்து அண்ணா, நான் இதே கிழக்குப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் மீடியத்தில் பத்து வரை படித்தேன். எங்கள் தலைமுறை மரபையும் சேர்த்துக்கொள்ளுங்கள், எல்லாம் கொச்சி ராஜா காலத்தோடு நின்றுவிட வேண்டாம்.

ஓணத்துக்கு வகுப்புக்கு வகுப்பு பூக்களப் போட்டி. மலையாள டிவிஷன் பிள்ளைகள் வீட்டில் தும்பையும் காசித்தும்பையும் பறித்து வருவார்கள். எங்கள் வகுப்புக்குக் கோயம்புத்தூர் பூமார்க்கெட்டில் செண்டுமல்லியும் வாடாமல்லியும் மூட்டையாக வரும், ஒரு பையனுடைய அப்பாவின் டெம்போவில். அளவில் எப்போதும் நாங்கள்தான் ஜெயிப்போம், அழகில் அவர்கள். பொங்கலுக்கு நாங்கள் மைதானத்தில் அடுப்பு மூட்டுவோம். இப்போது பொங்கலுக்குப் பாலக்காடு உட்பட எல்லைப்பக்கத்து ஆறு மாவட்டங்களுக்கு உள்ளூர் விடுமுறை விடுகிறார்கள். அதனால் பள்ளிக்கூடத்துப் பொங்கல் முந்தின வாரமே வந்துவிடும்.

சித்தூர் பகவதி கோயில் கொங்கன்படையை யாராவது எழுதுங்கள். கொங்கு ராஜா படையெடுத்து வந்து தோற்றுப்போன கதைதான் அந்தத் திருவிழா. வகுப்பில் முக்கால்வாசிப் பேர் கொங்குக் கவுண்டர் வீட்டுப் பிள்ளைகள். அடுத்த நாள் இன்டர்வெலில் கொங்கன்படை விளையாட்டு நடக்கும்போது தோற்கிற பக்கம் போக ஒருத்தனும் வர மாட்டான். எல்லாரும் பகவதி பக்கம்.

கலோத்சவத்தை, அதாவது பள்ளிக் கலைவிழாவை மறந்துவிடாதீர்கள். 1957-லிருந்து நடக்கிற மாநிலக் கலோத்சவத்தில் தமிழ்ப் பத்யம் சொல்லலும் (செய்யுள் ஒப்பித்தல்) தமிழ்ப் பிரசங்கமும் (பேச்சுப்போட்டி) உண்டு. சப்-ஜில்லாவில் எங்களுக்குள்ளேயே போட்டி கழுத்தைப் பிடிக்கும். மற்ற ஊரில் ஐட்டத்துக்கு ஆள் தேடுவார்கள், இங்கே ஒரே வகுப்பில் பத்துப் பேர் பெயர் கொடுப்போம். எங்கள் தமிழ் டீச்சர் மூச்சு எங்கே வாங்க வேண்டும் என்று பாட்டில் பென்சிலால் கோடு போட்டுத் தருவார். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது, மலருக்கு வேண்டுமானால் ஸ்கேன் பண்ணித் தருகிறேன்.

ஒரு கசப்பும் இருக்கிறது. பத்து வரை சமூக அறிவியலைத் தமிழில் படித்தோம், வைக்கம், அய்யன்காளி, நாராயண குரு எல்லாம் தமிழில். ப்ளஸ் ஒன்னுக்குப் போன இடத்தில் தமிழ் மீடியம் கிடையாது. டீச்சர் மலையாளத்தில் விளக்குவார், புத்தகம் இங்கிலீஷ், நான் ஓரத்தில் தமிழில் குறிப்பு எழுதுவேன். எல்லை தாண்டிப் பொள்ளாச்சிக்குப் போன தோழிகளுக்கு வேறு கூத்து. இங்கே அஞ்சாம் வகுப்பு யு.பி., அங்கே அது பிரைமரி. இங்கே எட்டு ஹைஸ்கூல், அங்கே எட்டு நடுநிலை. டி.சி.யைக் காட்டினால் "எந்த வகுப்பம்மா நீ" என்று கேட்பார்களாம்.

வேலந்தாவளத்தான்:

மாஷுக்கும் தங்கச்சிக்கும் கிச்சா அவர்களுக்கும் ரொம்ப நன்றி. டார்ச் வைத்துப் பார்த்தோம். வாட்ச்மேன் அண்ணன் பிடித்துக்கொண்டார். கடைசி எண் 3 மாதிரியும் இருக்கிறது, 8 மாதிரியும் இருக்கிறது. கமிட்டி உடனே இரண்டு கட்சியாகிவிட்டது. 1093 என்றால் 1917-18, எப்போதோ நூறு தாண்டிவிட்டது. 1098 என்றால் 1922-23. 8 கட்சியில் ஆள் அதிகம், ஏனென்றால் விழா அவ்வளவு தாமதம் ஆனதாகத் தெரியாது!

மலையாள வரிகளை ஒரு டீச்சர் படித்தார். 'கெட்டிடம்' என்கிற சொல் தெளிவாக இருக்கிறது. ஆக மாஷ் சொன்ன மாதிரியே, அது கட்டிடத்துக் கல்தான்.

ரிஜிஸ்டரைப் பார்க்க ஹெட்மாஸ்டரிடம் கேட்டேன். பெயர், சாதி, பிறந்த தேதி எல்லாம் இருக்கிறது, வெளியே விடலாமா என்று தயங்குகிறார். என்ன செய்வது? மலரை எந்த மொழியில் போடுவது என்பதும் முடிவாகவில்லை. தமிழ் முன்பக்கம், மலையாளம் பின்பக்கம் என்று ஒரு யோசனை. மலையாளக்காரர்கள் நாங்கள் என்ன பின்பக்கமா என்கிறார்கள்.

ரிட்டயர்டு தமிழ் மாஷ்:

ஹெட்மாஸ்டர் தயங்குவது நியாயம். அட்மிஷன் ரிஜிஸ்டர் நிரந்தர ரெக்கார்டு, ஒரு பக்கம் காணாமல் போனால் அவர் கழுத்துக்குத்தான் கத்தி. ரிஜிஸ்டரை ஆபீஸை விட்டு வெளியே கொண்டுபோகவோ, பக்கத்தைப் போட்டோ எடுத்து குரூப்பில் போடவோ வேண்டாம். ஆபீஸிலேயே உட்கார்ந்து கணக்கு மட்டும் எடுங்கள். வருஷத்துக்கு எத்தனை பெண்கள், எத்தனை தமிழ், எத்தனை மலையாளம், எந்தெந்த ஊரிலிருந்து. மலரில் யார் பெயரும் சாதியும் சேர்ந்து வரக்கூடாது. சேர்த்துப் போட்டால் ஒரு பேரன் நிச்சயமாகச் சண்டைக்கு வருவான். வேலையைச் சனிக்கிழமையில் வைத்துக்கொள்ளுங்கள். ஜூன் மாசத்தில் மட்டும் அந்தப் பக்கமே தலைகாட்டாதீர்கள். ஆறாம் வேலை நாள் கணக்கெடுப்பு முடியும் வரைக்கும் எந்தக் கேரள ஹெட்மாஸ்டரிடமும் சரித்திரம் பேச முடியாது. அன்றைக்குத் தலை எண்ணிக்கை குறைந்தால் டிவிஷன் போகும், டிவிஷன் போனால் ஒரு வாத்தியார் போஸ்ட் போகும். நம் பக்கம் இங்கிலீஷ் மீடியம் வேன்கள் எல்லை தாண்டி வந்து பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போக ஆரம்பித்ததிலிருந்து அந்த ஆறு நாளும் தமிழ் வாத்தியார்களுக்குத் தூக்கம் கிடையாது. வீடு வீடாகப் போய்ப் பிள்ளை கேட்டிருக்கிறேன். இதையும் மரபுக் கட்டுரையில் ஒரு பாராவாகப் போடலாம். கமிட்டிக்குப் பிடிக்காது.

3-ஆ 8-ஆ என்பதை ஓட்டுப் போட்டு முடிவு பண்ணாதீர்கள். எர்ணாகுளம் போய் வந்த பிறகு பேசலாம். அதுவரைக்கும் அழைப்பிதழில் 'நூற்றாண்டு கடந்த பள்ளி' என்று போட்டுக்கொள்ளுங்கள். 3 கட்சி, 8 கட்சி இரண்டுக்கும் அது பொருந்தும்.

மொழிச் சண்டைக்கு வழி சுலபம். முன்பக்கம் பின்பக்கம் என்று இரண்டாகப் பிரிக்காதீர்கள். கட்டுரைகளைக் கலந்து போடுங்கள், யார் எந்த மொழியில் தந்தாரோ அந்த மொழியிலேயே. கொல்லங்கோடு ராஜாஸ் ஹைஸ்கூலில் மலையாள வாத்தியாராக இருந்தவர் மகாகவி பி. குஞ்ஞிராமன் நாயர். அவரிடம் படித்த தமிழ் வீட்டுப் பிள்ளைகள் உங்கள் பள்ளிக்கூடத்துக்கு வாத்தியாராக வந்திருக்கலாம். விசாரியுங்கள், கிடைத்தால் அந்தக் கட்டுரை மலையாளத்திலேயே இருக்கட்டும். ஊர்ப்பெயர்களை மட்டும் இரண்டு லிபியிலும் சரியாகப் போடுங்கள். வடகரப்பதியை 'வடக்கரைப்பட்டி' ஆக்கின ஒரு மலரை நான் பார்த்திருக்கிறேன், சிவகாசியில் அச்சடித்தது.

கோபாலபுரத்துப் பொண்ணு, அந்தப் பென்சில் கோடு போட்ட தாளைக் கட்டாயம் கொடும்மா. டீச்சர் பெயரைப் போடுவதற்கு முன்னால் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடு.

தம்பி, எர்ணாகுளம் போகும் தேதியைச் சொல்லுங்கள். நானும் வருகிறேன். பழைய மலையாளக் கையெழுத்து படிக்க உங்களுக்கு ஆள் வேண்டும். காலை ஏழு மணிக்கு முன்னால் பாலக்காடு ஸ்டேஷனில் இருந்தால் காப்பகம் திறக்கிற நேரத்துக்குப் போய்ச் சேரலாம். மத்தியானச் சாப்பாடு உங்கள் செலவு.